ஒன்றரை மணி மீட்டிங்கை நகர்த்து, மகளே

அன்பு மகளே,

முதலில் இந்த 'மகளே'வுக்கு விளக்கம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீ இந்த வரியிலேயே நின்று சிரித்துக்கொண்டிருப்பாய். நான் உன் வயிற்றில் பிறந்தவள்தான். எனக்குப் பதினேழு வயது, உனக்கு நாற்பத்தைந்து. ஆனால் எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து நீ என்னை 'அம்மா' என்றுதான் கூப்பிடுகிறாய். சாப்டியாம்மா, தூங்கும்மா, கதவைச் சாத்தும்மா. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நான் எதையோ உடைத்துவிட்டேன் என்று அர்த்தம். இத்தனை வருடம் அம்மாவாக இருந்தவளுக்கு ஒரு கடிதம் எழுதக்கூடவா உரிமை இல்லை? பிள்ளை வெளியூர் போனால் பெற்றவர்கள் புத்தி சொல்லி எழுதுவார்கள். நம் வீட்டில் ஊருக்குப் போவது நான், புத்தி தேவைப்படுவது உனக்கு. கணக்கு கொஞ்சம் இடித்தாலும் பொறுத்துக்கொள். உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தால் 'மீட்டிங் முடியட்டும், பாக்கறேன்' என்று வைத்துவிடுவாய் என்பதால் இதைத் திறந்த கடிதமாகவே எழுதுகிறேன். மயிலாப்பூரில் கதவு மூடிய அறைகள் நிறைய இருக்கின்றன. அவற்றுக்கு வெளியே தட்டோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளும் படிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை நான் திருச்சிக்கு ரயில் ஏறுகிறேன். மறுநாள் திங்கட்கிழமை நீ உன் டீமுக்கு லீட் ஆகிறாய். ரமணன் சார் வேறு பிராஜெக்டுக்குப் போகிறார், இனிமேல் மீட்டிங் போடுவது நீ. இத்தனை நாளும் நான் கேட்கும்போதெல்லாம் 'அது என் கையில இல்லம்மா' என்பாய். இப்போது அது உன் கையில்தான் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் கேட்பது ஒன்றே ஒன்று: அந்த ஒன்றரை மணி மீட்டிங்கை நகர்த்து. ஹாஸ்டலில் எனக்குப் போன் பேசக் கிடைப்பது மதியச் சாப்பாட்டு நேரம்தான், அது ஒன்றரைக்கு. சாயங்காலம் எனக்கு லேப், அது முடியும்போது உனக்கு அமெரிக்கா எழுந்துவிடும். நடுவில் இருக்கும் அந்தச் சின்னச் சந்தில்தான் நாம் இரண்டு பேரும் இனிமேல் பார்த்துக்கொள்ள முடியும். அந்தச் சந்தையும் மீட்டிங் அடைத்துக்கொண்டால் நீ யாரிடம் பேசுவாய்? நான் யாரிடம் பேசுவேன்?

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அப்பா தவறிப்போனார். பள்ளிக்கூடத்திலிருந்து வரும் குழந்தை பூட்டிய கதவைப் பார்க்கக் கூடாது என்றுதான் நீ மேலிடத்துக்கு எழுதி, கெஞ்சி, வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி வாங்கினாய். எனக்குத் தெரியும், அதற்காக ஒரு பிரமோஷனையும் விட்டாய். பூட்டு போய்விட்டது மகளே. கதவு மட்டும் மூடியே இருந்தது. பள்ளி இரண்டு தெரு தள்ளி என்பதால் மதியம் சாப்பிட வீட்டுக்கு வருவேன். லண்டன்காரர்களுக்கு அது காலை ஒன்பது மணி, நமக்குக் கொலைப்பசி. நீ ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு உள்ளே இருப்பாய். மேஜையில் சாதம், குழம்பு, கூட்டு எல்லாம் மூடி வைத்திருப்பாய். நான் உன் கதவைப் பார்த்தபடி சாப்பிட்டுவிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கதவுக்கு ஒரு டாட்டா காட்டிவிட்டுத் திரும்பிப் போவேன். அந்தக் கூட்டம் முடிவதற்குள் உன் பங்குக் கூட்டு ஆறிப்போகும். மூன்று மணிக்கு மேல் நீ அதை நின்றுகொண்டே சாப்பிடுவாய் என்று லீவு நாட்களில்தான் எனக்குத் தெரிந்தது.

நம் வீட்டு குக்கருக்கு உலகத்தில் எந்தக் குக்கருக்கும் இல்லாத ஒழுக்கம் உண்டு. ஒன்றரைக்கு முன்னால் அது விசிலை முடித்துவிட வேண்டும். மிக்ஸிக்கும் அதே சட்டம். கீழே 'பழைய இரும்பு, பழைய பிளாஸ்டிக்' என்று ஸ்பீக்கர் வைத்த வண்டி வந்தால் நான் ஓடிப்போய் ஜன்னலைச் சாத்த வேண்டும். இரண்டு பேரும் பேச முடியாததால் நமக்கென்று ஒரு கை பாஷையே உருவாகிவிட்டது. சுண்டு விரலைக் காட்டினால் உப்பு. உள்ளங்கையைக் கவிழ்த்தால் அடுப்பை அணை. மூக்கைத் தொட்டால் 'ரமணன் சார் ஆரம்பிச்சுட்டார், நீ சாப்பிடு'. நான் அதில் புதிய சொற்களெல்லாம் சேர்த்தேன். ஒரு தடவை உன் கேமரா ஓடிக்கொண்டிருப்பது தெரியாமல் லேப்டாப்புக்குப் பின்னால் நின்று நான் ஆடிக் காட்ட, உன் முகம் சிரிப்பை அடக்கிக் கோணியதில் லண்டனில் யாரோ உன் உடம்புக்கு என்ன என்று கேட்டார்களே, அது என் கலை வாழ்க்கையின் உச்சம்.

ஆனால் போன கோடையில் ஒரு நாள் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைக்கு மின்சாரம் போய், நெட்டும் போய், உன் மீட்டிங்குகள் எல்லாம் ஒட்டுமொத்தமாக ரத்து. நாம் இரண்டு பேரும் பட்டப்பகலில் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். வேலை நாளில் அப்படி உட்கார்ந்தது எத்தனையோ மாதத்துக்குப் பிறகு. எனக்கு எவ்வளவோ சொல்ல இருந்தது. ரசம் தீர்ந்ததும் நீ நிமிர்ந்து என்னைப் பார்த்து, இரண்டு விரலால் காற்றில் கரண்டியால் ஊற்றுவதுபோல் காட்டினாய். நானும் தலையை ஆட்டிவிட்டு எழுந்துபோய் ரசத்தை எடுத்துவந்தேன். ஊற்றும்போதுதான் உறைத்தது. வீட்டில் மீட்டிங் இல்லை, ஹெட்செட் இல்லை, வாயைத் திறந்து 'ரசம் கொண்டா' என்று சொல்லலாம். நீ கவனிக்கவே இல்லை. நானும் சொல்லவில்லை. மின்விசிறி சுற்றாத அந்த வீட்டில் இரண்டு பேரும் சத்தமில்லாமல் ரசம் சாதம் சாப்பிட்டு முடித்தோம்.

இப்போது புத்திமதிக்கு வருகிறேன். ஒரு பதினேழு வயதுக்காரிக்கு ஆபீஸ் மீட்டிங்கைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்காதே. நம் வீட்டுக் கதவு அவ்வளவு கனமில்லை. உன் ஒன்றரை மணி மீட்டிங்கை உன்னைவிட நான் ஊன்றிக் கேட்டிருக்கிறேன், ஏனென்றால் நான் அந்த நேரத்தில் வேறு வேலை செய்வதில்லை. உன் டீமில் பத்துப் பன்னிரண்டு பேர். முதலில் 'கேக்குதா, கேக்குதா' என்று எல்லாரும் மாறி மாறிக் கேட்டுக்கொள்வீர்கள். கேட்பது என்னவோ காது மட்டும்தான். பிறகு ரமணன் சார் நேற்று நடந்ததைச் சொல்வார். பாதியில் ஒருவர் லேட்டாக வருவார், அவருக்காக மறுபடி முதலிலிருந்து சொல்வார். இன்னொருவர் வருவார், மறுபடி. நேரத்துக்கு வந்தவர்களுக்குக் கிடைக்கும் பரிசு ஒரே கதையை மூன்று தடவை கேட்பது. பிறகு ஒவ்வொருவரும் தாங்கள் எவ்வளவு வேலை செய்கிறோம் என்று ரமணன் சாருக்குச் சொல்வார்கள், ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்பதில்லை. கடைசியில் 'நல்ல டிஸ்கஷன்' என்று முடிப்பார்கள். என்ன முடிவு என்று கேட்டால், முடிந்ததுதான் முடிவு.

பங்குனித் திருவிழா சமயத்தில் ஒரு நாள் மட்டும் அந்த மீட்டிங் உயிரோடு இருந்தது. சாமி நம் தெரு முனையில் வந்து நின்றிருந்தது, நாதஸ்வரமும் தவிலும் மூடிய ஜன்னலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டன. நீ 'சாரி, சாரி' என்று மைக்கை அணைக்கப் போனாய். லண்டன்காரர் ஒருவர், அணைக்காதே, அது என்ன சத்தம் என்று கேட்டார். நீ சொன்னாய். உடனே ஒருவர் தன் ஊர்த் தேரைப் பற்றிச் சொன்னார், இன்னொருவர் தன் தாத்தா தவில்காரர் என்றார், யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று நான் ஆச்சரியப்பட்டேன். இத்தனை மாதமாக உள்ளே மனிதர்கள்தான் இருந்திருக்கிறார்கள். ஒருவருக்கு உண்மையாகவே தெரிந்துகொள்ள ஒரு கேள்வி இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். மகளே, இதை மனதில் வை. ஒரு மீட்டிங் போடுவதற்கு முன்னால் அது எந்தக் கேள்விக்குப் பதில் தேடுகிறது என்று ஒரு வரியில் உன்னால் எழுத முடியவேண்டும். கேள்விக்குறியில் முடியும் வரியாக. 'ஸ்டேட்டஸ்' என்பது கேள்வி இல்லை. அதை எல்லாரும் எழுதி அனுப்பிவிடலாம், நீ சாப்பிட்டுக்கொண்டே படித்துவிடலாம்.

அந்த வியாழக்கிழமையைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதத்தை முடிக்க முடியாது. நம் பிளாட்ஸுக்கு நீதான் செக்ரட்டரி. அன்றைக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை, தரைக்கடியில் இருக்கும் சம்ப் தொட்டியும் காலி, தண்ணீர் லாரிக்குச் சொல்லியிருந்தாய். லாரி சரியாக ஒன்றே முக்காலுக்கு வந்து, தெருவை அடைத்துக்கொண்டு ஹாரன் அடித்தது. நீ ஹெட்செட்டைக் கழற்றி என் தலையில் மாட்டினாய். கேமரா அணைந்திருந்தது. 'ரெண்டே நிமிஷம்டி. யாராவது எதாவது கேட்டா ம் சொல்லு, வேற வாய் தொறக்காத' என்றாய். குறும்புக்காரியிடம் ஹெட்செட்டைக் கொடுத்துவிட்டு வாய் திறக்காதே என்றால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாதா? போனில் நம் இருவர் குரலும் ஒன்று என்று உறவுக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள், அது வேறு.

நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். ரமணன் சார் ஏதோ சொல்லி 'ரைட்?' என்றார். நான் 'ம்' என்றேன். இன்னொரு தடவை கேட்டார். இன்னொரு 'ம்'. பிறகு ஒரு மெல்லிய குரல், 'சார், ஒரு சின்ன டவுட்' என்று ஆரம்பித்தது. சாதிக் என்று எனக்குத் தெரியும், ராயப்பேட்டையிலிருந்து வேலை செய்கிறவர், மீட்டிங்கில் அவர் குரல் அபூர்வம். பழைய சர்வரை வெள்ளிக்கிழமை மாற்றட்டுமா, திங்கட்கிழமை மாற்றட்டுமா என்று கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை. ரமணன் சார் உன் பெயரைச் சொல்லி, 'வாட் டூ யூ திங்க்?' என்றார். இத்தனை வருடம் கதவுக்கு வெளியே படித்த பாடத்தை நான் ஒப்பித்தேன்: 'லெட்ஸ் டேக் இட் ஆஃப்லைன்.' இதை மீட்டிங்குக்கு வெளியே தனியாகப் பேசிக்கொள்ளலாம் என்று அர்த்தம். எல்லாருக்கும் நிம்மதி. 'குட் பாயின்ட்' என்றார் ரமணன் சார். சாதிக் 'ஓகே மேடம்' என்றார். என் வாழ்க்கையில் நான் செய்த குறும்பிலேயே பாராட்டு வாங்கியது அது ஒன்றுதான்.

ஹெட்செட்டோடு ஜன்னலுக்குப் போய்க் கீழே பார்த்தேன். அங்கேயும் ஒரு மீட்டிங் நடந்துகொண்டிருந்தது. நாற்காலி இல்லை. சம்ப் மூடியைச் சுற்றி ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தீர்கள். நீ நடுவில், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு. இந்த லாரி போதுமா, நாளைக்கு இன்னொன்று சொல்ல வேண்டுமா, இதுதான் கேள்வி. முதலில் பேசியவரை விட்டுவிட்டு, ஓரமாக நின்ற மேல்மாடி மாமாவைப் பார்த்து நீ எதையோ கேட்டாய். அவர் வீட்டில் குழந்தை பிறந்திருக்கிறது, அதிகம் தண்ணீர் தேவைப்படுவது அவருக்குத்தான். அவர் சொன்னார். நீ தலையாட்டினாய். வாட்ச்மேனிடம் ஏதோ சொன்னாய், அவர் அங்கேயே போனை எடுத்தார். லாரிக்காரர் குழாயைச் சுருட்டுவதற்குள் எல்லாரும் கலைந்துவிட்டீர்கள். என் காதில் உன் ஆபீஸ் இன்னும் 'மூவிங் ஃபார்வர்டு' என்று சொல்லிக்கொண்டு இருந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. ஒரே நேரத்தில் நீ இரண்டு மீட்டிங்கில் இருந்தாய். நீ இருந்த மீட்டிங் முடிந்துவிட்டது, நீ இல்லாத மீட்டிங் நடந்துகொண்டிருந்தது.

நீ மேலே வந்து, மீட்டிங்கும் முடிந்ததும் நான் நடித்துக் காட்டினேன். நீ கண்ணில் நீர் வர, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். 'குட் பாயின்ட்டுன்னா சொன்னாரு? அடிப்பாவி' என்று சுவரில் சாய்ந்துகொண்டாய். கொஞ்ச நேரம் சிரித்த பிறகு ஹெட்செட்டைக் கையில் வாங்கி, அதன் ஒயரைச் சுற்றிக்கொண்டே கேட்டாய்.

'நான் அங்க இல்லன்னு ஒருத்தருக்குமே தெரியலையாடி?'

நான் 'இல்லையே' என்றேன், இன்னும் சிரிப்பு ஓயாமல். நீ உள்ளே போய் உட்கார்ந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அன்றைக்குக் கதவைச் சாத்தவில்லை. நான் பின்னாலிருந்து உன் தலையைப் பார்த்தேன், இரண்டு தோளும் தொங்கியிருந்தன. ஹாலில் தனியாகச் சாப்பிட்ட நாட்களில் எல்லாம் உள்ளே நீ ஒரு கூட்டத்தோடு இருப்பதாகத்தான் நினைத்து உன்மேல் கோபப்பட்டிருக்கிறேன். நீயும் தனியாகத்தான் இருந்திருக்கிறாய். ஒரு கதவுக்கு இரண்டு பக்கமும் ஒரே சமாச்சாரம்தான்.

அந்த ஆஃப்லைன் என்ன ஆனது என்று உனக்கே தெரியும். நானாவது குறும்புக்குச் சொன்னேன், அந்த இடத்தில் நீ இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாய், அதுதான் என் வருத்தம். ஆஃப்லைன் என்று ஓர் ஊர் கிடையாது மகளே. அங்கே யாரும் யாரையும் சந்திப்பதில்லை. யார், யாரிடம், எப்போது என்று மூன்றையும் சொல்லாமல் எதையும் அந்த ஊருக்கு அனுப்பாதே. சாதிக்கை யாரும் கூப்பிடவில்லை. பழைய அட்டவணையில் வெள்ளி என்று இருந்ததால் அவர் வெள்ளிக்கிழமை மாற்றினார். சனிக்கிழமை காலையில் சிஸ்டம் எல்லாம் படுத்துவிட்டது.

அந்தச் சனிக்கிழமை நம்முடையது. ஹாஸ்டலுக்குச் சாமான் வாங்க தி.நகர், அங்கிருந்து பெசன்ட் நகர் கடற்கரை, பஜ்ஜி, பிறகு மணலில் உட்கார்ந்து பேச்சு. நீயேதான் சொன்னாய், 'அன்னிக்கு நிறைய பேசணும்மா.' நானும் கேட்க வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்திருந்தேன். நான் போன பிறகு நீ மதியம் என்ன சாப்பிடுவாய் என்பது முதல், அப்பாவின் சட்டைகளை இன்னும் ஏன் இஸ்திரி போட்டு வைக்கிறாய் என்பது வரை. அன்றைக்கு ரங்கநாதன் தெருவில் நாம் பக்கெட் வாங்கினோம், உன் மீட்டிங்கும் கூடவே வந்தது. போனைக் கைப்பையில் போட்டு, ஸ்பீக்கரை லேசாக வைத்து, நெரிசலில் நடந்தாய். ஆட்டோவில் ஏறியதும் பை 'எனி அப்டேட்ஸ்?' என்று கேட்டது. ஓட்டுகிறவர் திரும்பிப் பார்த்தார்.

'இன்னா மேடம், பைக்குள்ள யாரோ கத்திக்கினு கீறாங்க? தொறந்து வுடுங்க, பாவம்.'

நான் பக்கெட்டுக்குள் தலையை விட்டுச் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அடையாறு பாலத்தை நெருங்கும்போது மற்றவர்கள் எல்லாரும் போனை வைத்துவிட்டார்கள், சாதிக் மட்டும் வைக்கவில்லை. அவர் தயங்கித் தயங்கிக் கேட்டது எனக்கும் கேட்டது.

'மேடம், தப்பா நினைக்காதீங்க. வியாழக்கிழமை பேசினது நீங்க இல்லதானே?'

நீ என்னைப் பார்த்தாய். 'என் பொண்ணு' என்றாய்.

'அப்பவே தோணுச்சு மேடம். நீங்க ம் சொல்றதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விடுவீங்க. அன்னிக்கு அது இல்ல. உடம்பு சரியில்லையோன்னு பயந்துட்டேன்.'

பாலத்துக் காற்றில் உன் முடி முகத்தில் விழுந்தது, நீ அதை ஒதுக்கவே இல்லை. பத்துப் பன்னிரண்டு பேரில் வாயே திறக்காத ஒருவர்தான் நீ இல்லை என்று கண்டுபிடித்திருக்கிறார். எனக்கு ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் பொறாமை. இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தவள், உன் குரலை வைத்து வித்தை காட்டியவள், எனக்கு அந்த மூச்சு தெரியாது. அன்று முதல் கவனித்துக் கேட்கிறேன். உண்மைதான். ஒரு சின்ன மூச்சு, ஏதோ எழுந்துகொள்ளப் போகிறவள் மாதிரி, பிறகு எழாமல் 'ம்'. கடற்கரைக்குப் போனபோது அடுத்த கால் வந்துவிட்டது. நான் இரண்டு பேர் பஜ்ஜியையும் சாப்பிட்டேன். நீ அலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஒரு காதைப் பொத்தியபடி, மணலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்துகொண்டிருந்தாய்.

அதனால் திங்கட்கிழமை நீ அந்த நாற்காலியில் உட்காரும்போது ஒரு பெற்றவளாக நான் சொல்வது இவ்வளவுதான். யாரைக் கூப்பிடுவது என்று யோசிக்கும்போது, இவர் வராவிட்டால் நமக்குத் தெரியுமா என்று கேட்டுக்கொள். தெரியாது என்றால் அவரைக் கூப்பிடாதே, அவருக்கும் ஒரு வீடு இருக்கும், அங்கே ஒரு கூட்டு ஆறிக்கொண்டிருக்கும். கூப்பிட்டவர்களில் வாய் திறக்காதவரிடம் முதலில் கேள், சம்ப் பக்கத்தில் மேல்மாடி மாமாவிடம் கேட்ட மாதிரி. லேட்டாக வருகிறவருக்காகக் கதையைத் திரும்ப ஆரம்பிக்காதே, அவர் அப்புறம் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால், யார் எதை எப்போது செய்வது என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு எழுந்துவிடு, நேரம் மிச்சம் இருந்தால் இருக்கட்டும். மிச்ச நேரத்தை மீட்டிங்கால் நிரப்ப வேண்டும் என்று சட்டமில்லை. உனக்கு இதெல்லாம் புதிதில்லை. தண்ணீர் லாரி வந்து நின்றால் நீ செய்வதுதான். கீழே சம்ப் பக்கத்தில் நிற்கும் அந்தச் செக்ரட்டரி அம்மாவை லிஃப்டில் ஏற்றி மேலே கூட்டிக்கொண்டு வா. இத்தனை வருடமாக அவளை நீ வீட்டு வாசலிலேயே செருப்போடு விட்டுவிட்டு வருகிறாய்.

உன்னை மீட்டிங்கிலிருந்து முழுசாக மீட்டுவிட என்னால் முடியாது என்று தெரியும். அந்தச் சம்பளத்தில்தான் என் ஹாஸ்டல் இருக்கிறது. நான் உன்னை வேலையை விடச் சொல்லவில்லை. இரண்டரைக்கு நகர்த்து. லண்டனில் அப்போது பத்து மணி, அவர்களும் கொஞ்சம் தெளிவாக இருப்பார்கள். 'முதல் நாளே எப்படிக் கேக்கறது' என்று நீ தயங்குவாய். நேற்று நான் கேட்டபோதும் 'பாக்கறேம்மா' என்றாய். அந்தப் 'பாக்கறேன்' என்ன ஊர் என்று எனக்குத் தெரியும், ஆஃப்லைனுக்குப் பக்கத்து ஊர். எழுந்துகொள்ளப் போகிறவள் மாதிரி விடுகிறாயே அந்த மூச்சு, அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை 'ம்'முக்குப் பதிலாக 'இல்லை, இரண்டரைக்கு வைத்துக்கொள்ளலாம்' என்று சொல்லிப் பார். சாதிக் முதல் ஆளாக ஓகே மேடம் என்பார், பந்தயம்.

நான் போன பிறகு குக்கர் எப்போது வேண்டுமானாலும் விசில் அடிக்கலாம். ஜன்னலைச் சாத்த ஓட ஆளிருக்காது, திறந்தே வை, பழைய இரும்பு வண்டியும் சாமியும் உள்ளே வந்து போகட்டும். கை பாஷையை மறந்துவிடாதே, ஆனால் சுவரிடம் பேசாதே. நான் திருச்சியில் மெஸ்ஸில் உட்கார்ந்து, உப்பு வேண்டும் என்று பக்கத்திலிருக்கும் யாரோ ஒரு பெண்ணுக்குச் சுண்டு விரலைக் காட்ட, அந்தப் பெண் விழித்துப் பார்க்கப் போகிறாள். அதை நினைத்தால் இப்போதே சிரிப்பு வருகிறது. சிரிப்பு வந்தபிறகு வேறு என்னவோ வருகிறது, அதை இங்கே எழுதவில்லை.

திங்கட்கிழமை ஒன்றரைக்கு உன்னைக் கூப்பிடுவேன். தட்டை எதிரில் வைத்துக்கொண்டு எடு. எனக்கு ஒரு கேள்விதான் இருக்கிறது, கேட்டுவிட்டு வைத்துவிடுகிறேன். 'சாப்பிட்டியாம்மா?' நீ பெரிதாக ஒன்றும் சொல்ல வேண்டாம், 'ம்' சொன்னால் போதும். அதற்கு முன்னால் அந்த மூச்சு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த மீட்டிங்கில் உனக்குப் பதிலாக யாரும் உட்கார முடியாது.